நோட்டீஸம்மா எழுதிய சட்டம்

நீதிமன்ற வளாகத்தில் அவருக்கு நோட்டீஸம்மா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் மாடிப்படி ஏறி வரும்போது பெஞ்சு கிளார்க் பக்கத்து ஆளிடம், "நோட்டீஸம்மா வந்தாச்சு, இன்னிக்கு அரசாங்க வக்கீல் பாடு திண்டாட்டம்தான்" என்று சொல்வது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவருக்கு அதில் வருத்தமில்லை. பட்டப்பெயர்கள் பெரும்பாலும் அநியாயமானவை, இது அப்படியில்லை.

வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்குகள்தான் அவர் தொழில். அழுதுகொண்டு வருபவர்கள், ஆத்திரத்தோடு வருபவர்கள், பாதிச் சாமான்களை ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டு வருபவர்கள், யாராக இருந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நோட்டீஸ் எங்க?" காகிதம் கைக்கு வந்ததும் முன்பக்கம் படிப்பார், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். என்ன தேதி, யார் கையெழுத்து, யார் கையில் கொடுத்தார்கள், கதவு எண் சரியா. பத்தில் ஒன்பது நோட்டீஸில் ஏதாவது ஒரு கோளாறு இருக்கும். அந்தக் கோளாறைப் பிடித்துத் தொங்கித் தடை உத்தரவு வாங்குவார். அது தீருவதற்குள் வாய்தா, அதற்கு மேல் இன்னொரு வாய்தா. கெட்டிக்காரத்தனமான வக்கீல். பெரிய வக்கீல் என்று சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. பெரிய வழக்கு எதையும் அவர் ஜெயித்ததில்லை. சின்ன வழக்குகளைத் தோற்காமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அவற்றில் மிக நீளமானது கால்வாய் வரிசை வழக்கு. ரயில்பாதைச் சுவருக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் நடுவே நாற்பத்தொரு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. கதவைத் திறந்தால் கால்வாய், ஜன்னலைத் திறந்தால் ரயில். கால்வாயை அகலப்படுத்த வேண்டும் என்று பத்தொன்பது வருஷத்தில் ஆறு முறை மாநகராட்சி அந்த வீடுகளை இடிக்க வந்தது. ஆறு முறையும் அவர் திருப்பி அனுப்பினார்.

முதல் தடவை எல்லோரும் வேலைக்குப் போயிருந்த பகல் நேரத்தில் பூட்டிய கதவுகளில் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கையில் கொடுக்க முயன்றதற்குச் சாட்சி இல்லை. இன்னொரு முறை கையிலேயே கொடுத்தார்கள்; ஆனால் கையெழுத்துப் போட்ட அதிகாரி முந்தின நாள் மாலையோடு ஓய்வு பெற்றிருந்தார். நான்காவதோ ஐந்தாவதோ முறை, ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன ஒருவரை நேரில் ஆஜராகும்படி எழுதியிருந்தார்கள். அதை அவர் உரக்கப் படித்தபோது நீதிபதி சிரித்துவிட்டார்.

"அவர் வரமாட்டாராம்மா?"

"அவர் வந்தா முதல்ல நான்தான் சார் ஓடுவேன்."

அந்த நீதிபதிதான் சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். உங்க கட்சிக்காரங்களுக்கு அந்த மண்ணு மேல உரிமை இருக்கா, இல்லையா?"

"அதுக்கு முன்னாடி நோட்டீஸ் சரியான்னு பாக்கணும் சார்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் வரும்போது பதில் சொல்றேன் சார்."

பதில் அவருக்குத் தெரியும். உரிமை இல்லை. நாற்பத்தொரு வீட்டில் ஒருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவர்களுக்கும் இடிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நின்றது அரசாங்கத்தின் அஜாக்கிரதை ஒன்றுதான். இதை அவரைவிடத் தெளிவாகச் சொன்னவர் அவருடைய குமாஸ்தா. "நம்ம வீடு செங்கல்லுல நிக்கல மேடம். அவங்க அவசரத்துல நிக்குது."

குமாஸ்தா பதினேழாம் எண் வீட்டுக்காரர். மூடிப்போன அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்தவர், முதல் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்த அன்று, அதற்கு வக்கீல் தயாரித்த மனுவை வாங்கிப் பார்த்து மூன்று பிழைகளைக் காட்டினார். மறுநாள் முதல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தன்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் வக்கீல் அவரை அண்ணே என்றார். அவர் இவரை மேடம் என்றார். அவர் மனைவி அண்ணி ஆனாள். மாடிப்படித் திருப்பத்தில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், இரண்டு மேசைக்கும் ஒரு மின்விசிறிக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டானது. எந்தக் காகிதமானாலும் கையெழுத்துக்கு முன் இருவரும் ஒத்துப் பார்ப்பார்கள். குமாஸ்தா மூலத்தை உரக்கப் படிப்பார். இவர் நகலில் பென்சிலால் வரிக்கு வரி டிக் போடுவார். இவர் பென்சில் காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டால்தான் அவர் அடுத்த வரிக்குப் போவார். சத்தம் வரவில்லை என்றால் அங்கே பிழை. பத்தொன்பது வருஷத்தில் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபோது நோட்டீஸம்மாவுக்குத் தன் தொழில் கசந்தது. ஒரு நாளாவது நியாயம் என் பக்கம் என்று சொல்லி ஜெயிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்.

"அடுத்தவன் தப்புப் பண்ணாத்தான் நமக்குச் சோறு. உனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். என்ன, எனக்கு லீவு ஜாஸ்தி."

"விளையாட்டில்லைங்க. நாளைக்கே ஒருத்தன் ஒழுங்கா நோட்டீஸ் கொடுத்தா அந்த நாப்பத்தொரு வீடும் தரைமட்டம். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒழுங்கா கொடுக்க இங்க எவனுக்குத் தெரியும்?"

அப்போது இருவரும் சிரித்தார்கள்.

அரசியல் கட்சிக்காரர்கள் தேடி வந்தது அடுத்த வருஷம். அந்தத் தொகுதியில் அவர்களுக்குக் கறைபடாத ஒரு முகம் தேவைப்பட்டது. அவர் யோசிக்க ஒரு வாரம் கேட்டார், மூன்று நாளில் ஒப்புக்கொண்டார். சட்டத்தின் கிழிசலில் ஒளிந்து பிழைப்பதைவிடச் சட்டத்தையே தைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். தவறான எண்ணம் என்று சொல்ல முடியாது. படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வயதில் வருவதுதான்.

கால்வாய் வரிசைப் பெண்கள் வேலைக்குப் போய் வந்த கையோடு தெருத்தெருவாக இறங்கினார்கள். அண்ணிக்குப் பேச்சு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "உங்க வீட்டுக்கு நோட்டீஸ் வந்தா எங்க ஓடுவீங்க? இவங்ககிட்டதானே? அப்ப ஓட்டையும் இவங்களுக்கே போடுங்க. ஓடுற தூரமாவது மிச்சம்!" ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் ஜெயித்தார். கட்சிக்குள் இரண்டு கோஷ்டிக்கும் வேண்டாதவராக இருந்ததால், இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்த குடியிருப்புத் துறை அவருக்கு வந்தது.

அமைச்சர் அறை இரண்டாவது மாடியில். மூன்று தொலைபேசிகள், அதில் ஒன்று வேலை செய்தது. கம்பளத்தில் முந்தின அமைச்சரின் மேசை இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் ஒரு சதுரமாகத் தெரிந்தது. சுவர்ப் பலகையில் இதுவரை இருந்தவர்களின் பெயர்கள் வண்ணத்தில் எழுதியிருந்தன. அடியில் இன்னும் எட்டுப் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். துறைச் செயலாளர் அந்தப் பலகையில் ஆறு பேரைப் பார்த்தவர். எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார். "பார்க்கலாம் மேடம்" என்பார்.

முதல் வாரமே அமைச்சர் சொன்னார்: "நோட்டீஸ் இல்லாம, விசாரணை இல்லாம இனிமே ஒருத்தரையும் வீட்டை விட்டு வெளியேத்தக் கூடாது. சட்டம் கொண்டு வரணும்."

"பார்க்கலாம் மேடம். வரைவு தயார் பண்ணச் சொல்றேன்."

"வேண்டாம். நானே எழுதறேன்."

ஏழு மாதம் எழுதினார். குமாஸ்தா இப்போது அலுவலகத்தை ஏற்று நடத்திய ஜூனியர் பெண்ணிடம் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அமைச்சர் வீட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது கால்வாய் வரிசையின் ஆறு வழக்குக் கட்டுகளையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு அமைச்சர் ஒவ்வொரு பிரிவாக எழுதினார். பூட்டிய கதவில் ஒட்டினார்களா? இனி கையில்தான் கொடுக்க வேண்டும், கொடுப்பதைப் படம் எடுக்க வேண்டும். ஓய்வு பெற்றவர் கையெழுத்தா? இனி இரண்டு அதிகாரிகள் கையெழுத்திட வேண்டும். செத்தவர் பெயரா? நோட்டீஸுக்கு முந்தின வாரம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். தன் வாழ்நாளில் அவர் கண்டுபிடித்த ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பிரிவு. முப்பத்தெட்டுப் பிரிவுகள் வந்தன. பன்னிரண்டாவது பிரிவு, வெளியேற்றப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலில் வேறொரு வீட்டின் சாவி கொடுக்கப்பட வேண்டும் என்றது. அதை எழுதிய அன்று கணவரிடம்கூடப் படித்துக் காட்டினார்.

அமைச்சரவையில் பன்னிரண்டாவது பிரிவுதான் போனது. பெரியவர் என்று எல்லோரும் அழைத்த கட்சித் தலைவர் அதை அன்பாகவே நீக்கினார்.

"சாவி கொடுக்கணும்னா வீடு கட்டணுமேம்மா. அது இந்த வருஷம் ஆகாது. நோட்டீஸ், விசாரணை, இதுவே பெரிய விஷயம். இதை நிறைவேத்துவோம். வீட்டை அடுத்த வருஷம் சேத்துக்கலாம்."

அவர் ஒரு மணி நேரம் வாதாடினார். பிறகு ஒத்துக்கொண்டார். பத்தொன்பது வருஷமாக அடுத்த தேதியை நம்பியே பிழைத்தவர். அடுத்த வருஷம் என்று யாராவது சொன்னால் பாதி ஜெயித்ததாகவே அவர் மனம் எடுத்துக்கொள்ளும். நீதிமன்றத்தில் அது சரி. அங்கே தேதியைக் குறித்துக்கொள்ள ஒரு கிளார்க் உண்டு.

பன்னிரண்டு நீங்கிய வரைவை அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்துப் பார்த்தார்கள். குமாஸ்தா படித்துக்கொண்டே வந்தார். பதினொன்று முடிந்து, முன்பு பதின்மூன்றாக இருந்தது பன்னிரண்டாக வந்த இடத்தில் நிறுத்தினார்.

"என்ன அண்ணே?"

"கண்ணாடியில தூசி மேடம்."

துடைத்துவிட்டு மேலே படித்தார். சமையலறையில் நின்றிருந்த கணவர் பின்பொருநாள் சொன்னார், அவர் துடைத்தது கண்ணாடியை அல்ல என்று. அவர் வெறுங்கையால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சட்டம் நிறைவேறியது. பத்திரிகைகள் பாராட்டின. செயலாளர் முதல் முறையாகப் "பார்க்கலாம்" சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசினார். "மேடம், முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஓட்டைகூட இல்லாத சட்டத்தை நான் பார்த்ததில்லை." அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். சொன்னவரும் பாராட்டாகத்தான் சொன்னார்.

பதினோரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அண்ணி அமைச்சர் வீட்டுக்கு வந்தாள். பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்து, கையில் இருந்த காகிதத்தை மேசை மேல் வைத்தாள்.

"வந்தாச்சு. ஏழாவது."

"எப்படிக் கொடுத்தாங்க அண்ணி?"

"அதை ஏன் கேக்கறீங்க! சம்பந்தம் பேச வந்த மாதிரி வந்தாங்க. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தான் அந்த ஆபீசர். முதல் வாரம் கணக்கெடுக்க வந்தவன் எங்க வீட்டு நாய் முதற்கொண்டு எழுதிட்டுப் போயிருக்கான். 'அம்மா, படிச்சுக் காட்டட்டுமா, இல்ல நீங்களே படிக்கிறீங்களா'ன்னு கேட்டான். படிச்சே காட்டினான். நடுவுல தண்ணி குடிச்சான். அப்புறம் 'கொஞ்சம் சிரிங்கம்மா'ன்னு போட்டோ எடுத்தான். எங்க வீட்டுக்காரர் பேரைப் பிழையில்லாம எழுதியிருக்கான் மேடம்! எங்க கல்யாணப் பத்திரிகையிலகூடத் தப்பா அடிச்சிருந்தாங்க."

அவர் நோட்டீஸை எடுத்தார். முன்பக்கம் படித்தார். பின்பக்கம் பார்த்தார். எழுந்து போய் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார்.

"ஏதாவது இருக்கா?" என்றாள் அண்ணி.

"பாக்கறேன் அண்ணி."

"நீங்க பாத்தா இல்லாம இருக்குமா? காப்பி போடட்டா, நானே போட்டுக்கறேன், நீங்க பாருங்க."

அண்ணிக்குக் கவலையே இல்லை. ஆறு முறை பார்த்தவள்.

விசாரணையும் சட்டப்படி நடந்தது. நாற்பத்தொரு குடும்பத்துக்கும் தனித்தனி நேரம். உட்கார நாற்காலி. விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டு, சொன்னதையெல்லாம் எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டி, கடைசியில் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: நிலத்துக்குப் பத்திரம் உண்டா? பத்தொன்பது வருஷமாகத் தள்ளி வைத்திருந்த கேள்வி. மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது.

ஜூனியர் பெண் நீதிமன்றத்துக்குப் போனாள். ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "நடைமுறையில என்ன குறை?" என்று நீதிபதி கேட்டார். அவள் நோட்டீஸிலிருந்து ஆரம்பித்தாள். "நோட்டீஸ் நல்லாத்தானே இருக்கு. உங்க சீனியர் எழுதின சட்டம் ஆச்சே, அவங்களையே கேட்டுட்டு வந்திருக்கலாமே" என்றார் அவர். நீதிமன்றம் சிரித்தது. குமாஸ்தா பின்வரிசையில் வழக்குக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் ஜூனியர் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, நோட்டீஸ்ல இருக்கிறது அண்ணி கையெழுத்தே இல்லைன்னு ஒரு பிரமாணப் பத்திரம் போட்டா?"

"போட்டோ இருக்கேம்மா. சிரிச்சுக்கிட்டுல்ல நிக்கிறா."

ஒரே ஒரு கதவு மிச்சம் இருந்தது. சட்டத்தின் முப்பத்துமூன்றாவது பிரிவின்படி அமைச்சரிடம் மறுஆய்வு மனு கொடுக்கலாம்; ஜூனியர் கொடுத்தாள். நடைமுறையில் குறை இருந்தால் மட்டுமே அமைச்சர் உத்தரவை நிறுத்தலாம். இரக்கம், சிபாரிசு, பொதுநலம் எதுவும் காரணமாகாது. அந்த வரியையும் அவர்தான் எழுதினார். பின்னால் வரும் அமைச்சர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் சலுகை காட்டிவிடக் கூடாதே என்ற பயத்தில் எழுதினார். தன்னை மனதில் வைத்து எழுதவில்லை.

அவர் பெரியவரிடம் போனார். உடனே ஒரு திருத்தம் கொண்டு வந்து பழைய பன்னிரண்டாவது பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்.

"வரிசையில யார் இருக்கா? உங்க குமாஸ்தா வீடு இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப எதிர்க்கட்சிக்காரன் என்ன கேப்பான்? ஊருக்கு ஒரு சட்டம், உங்க குமாஸ்தாவுக்கு ஒரு சட்டமான்னு கேப்பான். பதில் இருக்காம்மா உங்ககிட்ட?"

அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது நீளமான பதில். பெரியவர் அதற்குள் அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் எழுதினார். கணவர் வாங்கிப் படித்தார். பழக்க தோஷத்தில் கையில் சிவப்புப் பேனா இருந்தது.

"நல்லா இருக்கு. இதைக் கொடுத்தா வீடு நிக்குமா?"

"நிக்காது."

"உனக்கு அப்புறம் வர்றவன்?"

"வர்ற அன்னைக்கே கையெழுத்துப் போடுவான்."

"அப்ப இது யாருக்கு?"

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். அது நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் பழைய வரிசைக்காரர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களையும் தப்புச் சொல்ல முடியாது.

நாற்பத்தொரு கோப்புகளையும் பத்து நாள் பார்த்தார். தேதிகளைக் கூட்டிப் பார்த்தார். கையெழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை இந்த அரசாங்கத்தில் நடந்ததில்லை. பிறகு மறுஆய்வு மனுவைத் தள்ளுபடி செய்யும் உத்தரவு தட்டச்சாகி வந்தது. பின்னிணைப்பில் இடிக்கப்பட வேண்டிய வீடுகளின் பட்டியல். அதை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்தார். ஞாயிறு காலை வழக்கம்போல அழைப்புமணி அடித்தது. குமாஸ்தா நின்றார்.

"இன்னிக்கு வருவீங்கன்னு நினைக்கல அண்ணே."

"ஒத்துப் பாக்காம எதுலயும் நீங்க கையெழுத்துப் போட்டதில்லையே மேடம்."

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குமாஸ்தா கையில் கணக்கெடுப்புப் பதிவேடு. இவர் கையில் உத்தரவு. முதல் நான்கு பக்கம் பிழையில்லை. பிறகு பட்டியல்.

"கதவு எண் ஒண்ணு. குடும்பத்தில் ஐந்து பேர்."

பென்சில் கீறியது.

"கதவு எண் ரெண்டு. மூன்று பேர்."

கீறியது. அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. தெரியாத ஊரின் பட்டியலைப் படிப்பது போலப் படித்தார். பதினைந்து. பதினாறு.

"கதவு எண் பதினேழு. இரண்டு பேர்."

இவர் நகலைப் பார்த்தார். பதினாறுக்குக் கீழே பதினெட்டு இருந்தது. தட்டச்சு செய்தவர் ஒரு வரியை விட்டுவிட்டார். பத்து நாளாகத் தேடியது அங்கே இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது. பட்டியலில் இல்லாத வீட்டை இடிக்க முடியாது. இவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும்.

குமாஸ்தா அடுத்த வரிக்குப் போகவில்லை. பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "பென்சில் சத்தம் வரலையே மேடம்."

"நீங்க படிங்க அண்ணே."

"பதினேழு விட்டுப்போச்சா?"

"எனக்குக் காதுல விழல. நீங்க பதினெட்டு படிங்க."

முதல் முறையாக அவர் தலை நிமிர்ந்தார். இவர் கண்ணைப் பார்த்தார். பிறகு நகலை மெல்லத் தன் பக்கம் திருப்பி, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே விரலை வைத்தார்.

"பிரிவு முப்பத்தொண்ணு" என்றார். "எழுத்துப் பிழையால விட்டுப்போனதை ஏழு நாளைக்குள்ள ஒரு திருத்தக் கடிதத்துல சரி பண்ணலாம். புது நோட்டீஸ் வேண்டியதில்லை. நாம எழுதினதுதான் மேடம். மூணாவது வழக்குல இதே மாதிரி ஒண்ணை வெச்சுத்தான் ஒன்றரை வருஷம் ஓட்டினோம். அதனால இதையும் அடைச்சிடணும்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஏழு நாளாவது நிக்கும்ல அண்ணே."

"நாப்பது வீடும் போயி, நடுவுல நான் மட்டும் ஏழு நாளா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? வக்கீலம்மாவோட ஆளு, தெரிஞ்சே விட்டிருக்காங்கன்னு பேசுவாங்க. என் வீட்டுக்காரியால தெருவுல தலைகாட்ட முடியாது." விரலை எடுத்துக்கொண்டார். "தெருதான் இருக்காதே, எங்க தலைகாட்டுறது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

இவர் பேனாவை எடுத்து, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே தன் கையாலேயே பதினேழை எழுதினார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். பென்சிலால் டிக் போட்டார்.

சத்தம் கேட்டதும் குமாஸ்தா, "கதவு எண் பதினெட்டு. குடும்பத்தில் ஆறு பேர்" என்றார்.

இயந்திரங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தன. சட்டப்படி பெண் காவலர்கள் இருந்தார்கள், மருத்துவ வண்டி இருந்தது, குடிதண்ணீர் இருந்தது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கால்வாயை இன்றுவரை அகலப்படுத்தவில்லை. அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

குமாஸ்தாவும் அண்ணியும் ஊருக்கு வெளியே இரண்டு பேருந்து மாற வேண்டிய இடத்தில் ஒற்றை அறைக்குப் போனார்கள். அவ்வளவு தூரம் வந்துபோக முடியவில்லை என்று அவர் வேலையை விட்டார். ஒரு முறை அமைச்சர் அங்கே போனார். அண்ணி கதவைத் திறந்து, "வாங்க மேடம், உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பேச்சு ஒழுங்காகவே நடந்தது. அண்ணி ஒரு கேலிகூடப் பேசவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து, "நோட்டீஸ்ல தப்பே இல்லையாமே மேடம்? அவர் சொன்னார்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நம்ப முடியாத ஒரு செய்தியை நேரில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் குரல். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அதன் பிறகு போகவில்லை.

அடுத்த தேர்தலில் தோற்றார். கால்வாய் வரிசை வாக்குகள் அதற்குக் காரணமில்லை. வீடுகள் போனபின் அந்த வாக்குகள் அந்தத் தொகுதியிலேயே இல்லை. பலகையில் அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுதினார்கள். அவர் மாடிப்படித் திருப்பத்து அலுவலகத்துக்குத் திரும்பினார். ஜூனியர் தன் மேசையைக் காலி செய்து கொடுத்தாள்; இவர் மறுத்து, குமாஸ்தா உட்கார்ந்த மேசையில் உட்கார்ந்துகொண்டார். ஒத்துப் பார்க்க ஆள் இல்லாததால் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தானே உரக்கப் படித்துத் தானே டிக் போடுவார். வெளியே காத்திருப்பவர்கள் உள்ளே இன்னொருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வாரம் ஒரு தையல்காரப் பெண் வந்தாள். பாலத்துக்கு அந்தப்பக்கம் இருபத்தாறு வீடுகள். கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. தையலுக்கு நடுவில் எழுந்து ஓடி வந்திருக்கிறாள்.

"நீங்கதான் நோட்டீஸம்மாவா? உங்ககிட்ட போனா வீடு தப்பிச்சிடும்னு எங்க மாமியார் சொன்னாங்க."

"நோட்டீஸ் எங்க?"

கொடுத்தாள். நான்கு பக்கம், இரண்டு கையெழுத்து, படம். படத்தில் ஒரு வயதான அம்மாள் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் முன்பக்கம் படித்தார். பின்பக்கம் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தப்பு இருக்காம்மா?"

"இல்ல."

"நல்லாப் பாருங்கம்மா. கண்ணு அசந்திருக்கும்."

அவர் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து, இந்த முறை உரக்க, படிக்க ஆரம்பித்தார். தையல்காரப் பெண் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.